தானாகக் குறைந்தது

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு இருமல் விட்டுவிட்டது. பாப்பா இரண்டாம் வகுப்பில் சண்டைக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறாள் போலிருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். வீட்டில் இங்கிலீஷ் வாத்தியாரம்மா நீ ஒருத்திதான். 'டேப்பர் ஆஃப்' என்று ஒரு வார்த்தை. டேப்பர் எனக்குத் தெரியும். லேத் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள், ஒரு முனை தடித்து மறுமுனை ஒல்லியாகிக்கொண்டே போகிற துண்டு. ஆஃப் என்றால் சுவிட்சை அணைப்பது. இரண்டையும் சேர்த்தால் என்ன? பாப்பாவின் டிக்‌ஷனரியில் பார்த்தேன், டேப்பரோடு நின்றுவிட்டது. எதற்கெல்லாம் இதைச் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்று உதாரணத்தோடு எழுது. கொஞ்சம் அவசரம்.

போன் பண்ணாதே. கடிதமாகவே எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உடனே பிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பாய் என்று நினைத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே பார்த்தால் அர்த்தம் கேட்டிருக்கிறாய்.

நவம்பர் பதினான்காம் தேதி. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து உனக்குப் போன் செய்தேன். மூன்று மாதக் கரு, தங்கவில்லை, போய்விட்டது என்று சொன்னேன். உண்டாகியிருப்பதையே உன்னிடம் சொல்லியிருக்கவில்லை. நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இல்லாத எனக்கு முதலில் அழுவதற்கு நீ ஒருவன்தான் இருந்தாய். அதற்கு நீ சொன்ன பதில் இது: "நல்லது, நல்லது. உடம்பப் பாத்துக்க. மாப்பிள்ளையக் கேட்டேன்னு சொல்லு. வெச்சிடட்டுமா?" சிரித்தபடி சொன்னாய்.

பக்கத்திலிருந்த இவர், "உங்கண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "ரொம்ப வருத்தப்பட்டாரு" என்றேன்.

அதற்குப் பிறகும் மானங்கெட்டு நான்கு தடவை கூப்பிட்டேன். நான்கு தடவையும் அண்ணி எடுத்து, "அவரு வெளிய போயிருக்காரும்மா" என்றார்கள். பின்னால் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே நீ பாப்பாவை அதட்டுவதும் கேட்டது. அண்ணியும் என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஒதுக்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி. வாத்தியாரம்மா வேலையைப் பார்க்கிறேன்.

ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மெலிந்து, கடைசியில் இல்லாமல் போவதைச் சொல்கிற வார்த்தை அது. மழை கொட்டுகிறது, பிறகு தூறுகிறது, பிறகு ஓட்டு விளிம்பில் சொட்டுகிறது. மழை டேப்பர் ஆஃப் ஆயிற்று. என் வகுப்பில் முதல் மாதம் முப்பது பேர், மூன்றாம் மாதம் ஒன்பது பேர். கூட்டம் டேப்பர் ஆஃப் ஆயிற்று. சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. வாரத்துக்குக் கால் மாத்திரையாக டாக்டர் குறைப்பார், அதற்கும் இதைச் சொல்வதுண்டு. என் அண்ணன் வாரம் ஒரு முறை போன் பண்ணுவான், பிறகு மாதம் ஒரு முறை, பிறகு கிடையாது. இதற்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

ஒரே நாளில் நின்றுபோனதற்கு இதைச் சொல்லக்கூடாது. விபத்துக்குச் சொல்லக்கூடாது. அது பாட்டுக்குக் குறைந்தது, யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை என்பது மாதிரி ஒரு தொனி இதில் இருக்கிறது. நாகரிகமான வார்த்தை. போதுமா?

தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணிதான் முதலில் படித்தாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். கடிதத்தைக் கையில் கொடுத்தாள். நின்றபடி பாதி படித்தேன். மீதியைத் தரையில் உட்கார்ந்து படித்தேன்.

எனக்குக் காது கேட்கவில்லை.

இந்த மூன்று வார்த்தையை எழுத மூன்று தாள் கிழித்தேன். சுத்தமாகக் கேட்கவில்லை என்றில்லை. லாரி ஹாரன் கேட்கும். ஆண் குரல், கிட்டத்தில் நின்று பேசினால், பாதி பிடிபடும். பெண் குரலும் குழந்தைக் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். போனில் அதுவும் கிடையாது, வெறும் இரைச்சல். அந்தப் பக்கம் இரைச்சல் நின்றால் என் முறை என்று தெரிந்துகொள்வேன். உடனே "நல்லது" என்பேன். இரண்டு வருஷமாக எல்லோருக்கும் நல்லதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேஸ்காரருக்கு நல்லது, பேங்க்காரருக்கு நல்லது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. தன்மையான மனுஷன் என்று தெருவில் நல்ல பெயர்கூட இருக்கிறது.

அன்றைக்கு நீ சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. உன் நம்பரைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்தேன். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. நீ அன்றைக்குச் சொன்னது அண்ணிக்கும் தெரியாது. வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொன்னவன் நான்தான்.

வார்த்தையை எதற்குக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி டாக்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார், என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி. டிக்‌ஷனரியை வைத்து மற்றதையெல்லாம் பிடித்துவிட்டேன். வயதின் காரணமாகவும், வேலைக்கு வெளியே உள்ள பழக்கங்களின் காரணமாகவும், இந்தப் பணியாளரின் கேட்கும் திறன் டேப்பர் ஆஃப் ஆகியிருக்கிறது என்று வருகிறது.

எனக்கு முப்பத்து மூன்று வயது. இருபத்திரண்டில் பிரஸ் ஷாப்புக்குள் போனேன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்தால் மேலிருந்து இருநூறு டன் இறங்கும். நிமிஷத்துக்குப் பதினெட்டு அடி, ஒரு ஷெட்டில் ஒன்பது மெஷின். பழக்கம் என்றால் என்ன என்று பெர்சனல் மேனேஜரைக் கேட்டேன். என் முகத்துக்கு நேராக வந்து கத்தினார்: "செல்போன்ல பாட்டு கேப்பீங்கல்ல? அதத்தான்யா சொல்றோம்!"

கையெழுத்துப் போட்டால் ஸ்டோரில் போல்ட் நட்டு பிரிக்கிற வேலை. போடாவிட்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். மார்ச் பத்தாம் தேதி வரை டயம்.

நீ அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாமளும் என்ன ஏதுன்னு ஒரு நட போய்ப் பாத்துருக்கணும்" என்றார். ஆமாம், பார்த்திருக்கவேண்டும். ரோஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் போடாதே.

மழைக்குச் சொல்கிற வார்த்தையை உன் காதுக்குப் போட்டிருக்கிறார்கள். மழையை யாரும் இருநூறு டன் இரும்பால் அடிப்பதில்லை. அந்த வாக்கியத்தில் மெஷின் இல்லை, ஷெட் இல்லை, கம்பெனியே இல்லை. நீயும் உன் வயதும் உன் பாட்டும் மட்டும் இருக்கிறது. உன்னையே குற்றவாளியாக்கி, உன்னிடமே கையெழுத்தும் கேட்கிறார்கள். போட்டால், பிறகு நீ எந்த வாசலில் போய் நின்றாலும் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள்.

விசாரித்துவிட்டேன். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சத்தத்தால் போன காது தொழில்நோய்க் கணக்கில் வரும். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் கணக்குப் பார்க்கிற அக்காவின் வீட்டுக்காரர் வக்கீல் குமாஸ்தா. அவர் கேட்ட முதல் கேள்வி: "வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்துருப்பாங்களே, அதுல என்ன இருக்கு? ஒவ்வொரு வருஷமும் குறைஞ்சுருந்தா நம்ம பக்கம் கெட்டி." அந்தத் தாள்களின் நகலைக் கேட்டு வாங்கு. அது உன் உரிமை. மேனேஜர் கத்தினால் கத்தட்டும், உனக்குத்தான் கேட்காதே. (இந்த ஜோக்குக்காக என்னைத் திட்டாதே. எழுதிவிட்டு நானே அழுதேன்.)

எதற்குப் பயப்படுகிறாய்? பதினொரு வருஷம் உன் காதைத் தின்றவர்களுக்கு நீ என்ன பாக்கி வைத்திருக்கிறாய்?

தங்கை


பிப்ரவரி 27

தங்கைக்கு,

அந்தத் தாள்கள் என்னிடமே இருக்கின்றன. பதினொரு வருஷத் தாள்கள். பத்தில், காது நூற்றுக்கு நூறு.

எப்படி என்று கேட்பாய். யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன்.

டெஸ்ட் அறையில் ஹெட்போனை மாட்டி உட்காரவைப்பார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்கவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் அக்கா உட்கார்ந்திருப்பார். அவர் மெஷினைத் தட்டும்போதெல்லாம் வலது தோள் ஒரு நூல் இறங்கும். தோள் இறங்கினால் அமுக்கு, இறங்காவிட்டால் சும்மா இரு. அவ்வளவுதான்.

நான் சேர்ந்த முதல் வருஷம், என் முறைக்கு முந்தின நாள், பக்கத்து மெஷின்காரர் டெஸ்டில் தோற்றார். மறுநாள் கேட்டிலேயே அவர் கார்டை வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் தோளைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை நான் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. புதிதாக வருகிறவனுக்கு மெஷினைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் தோளைச் சொல்லிக்கொடுத்தேன். "காத நம்பாத, தோளப் பாரு." ஷாப்பில் அது எங்கள் மந்திரம். இருபத்து மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெரிய உபகாரம் செய்கிறேன் என்று நினைத்தேன். காதடைப்பான் போட்டால் ஃபோர்மேன் சொல்வது கேட்காது என்று அவர் பிடுங்கிப் போடுவார். நாங்களும் விட்டுவிட்டோம். எதற்கு? எப்படியும் பாஸ்தானே.

இந்த வருஷம் புதுப் பெண் வந்தாள். எங்களைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். பதினான்கு பேர் தோற்றோம். பதினான்கு பேருக்கும் அதே தாள், அதே வாக்கியம், பெயர் மட்டும் வேறு.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். பத்து வருஷம் எங்கள் ஷெட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இதோ இவர்களே பொத்தானை அமுக்கிய சாட்சி என்று கம்பெனி சொல்கிறது. அந்தச் சாட்சியைத் தயார் செய்தவன் நான். அதை உடைக்கவேண்டுமென்றால், ஏமாற்றினேன் என்று நானே எழுதிக்கொடுக்கவேண்டும். ஏமாற்றியவனை வேலையில் வைத்திருக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிறவன்தான் பேசினான். என்னைவிட ஆறு வருஷம் சீனியர், கழுத்து நீளம். செவிட்டுக் கூட்டம் ஒரே அறையில் கத்தினால் எப்படியிருக்கும்! பக்கத்து வீட்டு அம்மா அடிதடி என்று நினைத்து எட்டிப்பார்த்தார்.

"நீ வாயத் தொறந்தா நாங்களும் சேந்து தெருவுல நிக்கணும்டா! எம் பொண்ணு காலேஜ் போறா!"

"போல்ட் பிரிக்கிற வேலைனா என்ன கேவலமா? குந்திக்கிட்டே பாக்கலாம்ல?" என்றான் இன்னொருவன்.

"அங்க எத்தன நாள் வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கிற?" என்றேன்.

"என்னது?"

"எத்தன நாள் வெச்சிருப்பாங்க!"

"யாரு?"

அண்ணி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள். ஒட்டகம் போகும்போது என் தோளில் கைவைத்து, "சொல்லிக்குடுத்தவனே காட்டிக்குடுக்காத" என்றான். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

நேற்று ஷெட்டுக்குப் புதிதாக ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். எங்கள் மெஷின்களுக்கு. யாருக்கும் இருபத்தைந்து தாண்டியிருக்காது.

என்ன செய்வது என்று எழுது.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

போன கடிதத்தில் எவ்வளவு சுலபமாகக் கட்டளை போட்டேன்! கையெழுத்துப் போடாதே, நகல் வாங்கு, மனு கொடு. சம்பளம் வருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவது வசதியாகத்தான் இருக்கிறது.

நானும் ஒன்று சொல்லவேண்டும். இன்ஸ்டிடியூட்டில் மாலை வகுப்புக்குக் கம்பெனி அதிகாரிகள் வருகிறார்கள். அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவர்களுக்கென்று ஒரு தாள் தயாரித்திருக்கிறேன். 'ஆட்களைக் குறைத்தோம்' என்று எழுதாதீர்கள், 'ஆள் எண்ணிக்கை குறைந்துவந்தது' என்று எழுதுங்கள். 'சம்பளத்தை வெட்டினோம்' வேண்டாம், 'செலவு மட்டுப்பட்டது' என்று போடுங்கள். இப்படிப் பதினெட்டு. நீ கேட்ட வார்த்தை அதில் ஏழாவது. உன் டாக்டர் என் மாணவர் இல்லை. ஆனால் என்னைப் போல ஒருத்தி எங்கேயோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அந்தத் தாளைப் பாடத்திலிருந்து நீக்கிவிடலாமா என்று எங்கள் டைரக்டரிடம் கேட்டேன். "நீங்க எடுக்கலைனா வேற மிஸ் எடுப்பாங்க" என்றார். நேற்றும் எடுத்தேன். நாளையும் எடுப்பேன். அதனால்தான் உன்னிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. நீ சொல்லாவிட்டால் அந்தப் புது ஐந்து பேருக்கு யாராவது தோளைச் சொல்லிக்கொடுப்பார்கள். இல்லாவிட்டால் சுவரைப் பார்த்து உட்காரவைத்து ஒவ்வொருவராக அனுப்புவார்கள். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒட்டகம் சொன்னதும் தப்பில்லை. அவர் பெண்ணின் படிப்புக்கு நான் பொறுப்பேற்க முடியுமா?

நீ எதைச் செய்தாலும் நீ என் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். பேசுவதற்கு இல்லை. நவம்பரில் சொன்னதை உன் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லவேண்டும்.

தங்கை


மார்ச் 29

தங்கைக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. அன்றைக்கு நீ பேசியபோது உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி உதட்டில் படித்தேன், பாதி தெரிந்துகொண்டேன். நீ போன பிறகு அண்ணி, "ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒண்ணுமே பேசலையே" என்றாள். எங்களுக்கு அது போதும் என்றேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உன் உடம்புக்கு இரும்புச்சத்து மாத்திரையை விடாதே.

பத்தாம் தேதி நடந்ததைக் கேட்டிருந்தாய். பெர்சனல் மேனேஜர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். தாளை வாங்கி, கையெழுத்துப் போடுகிற இடத்துக்குக் கீழே எழுதினேன்: பத்து வருஷம் நான் டெஸ்டில் காதால் கேட்கவில்லை, டெஸ்ட் எடுப்பவரின் தோளைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினேன், வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன், என் காது இந்த ஷெட்டில் போனது. மற்றவர்களைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. சொல்லிக்கொடுத்ததையும் எழுதவில்லை. அது கோழைத்தனமா என்று தெரியவில்லை, அவர்கள் சார்பாக எழுத எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. அவர் படித்தார். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. நிறையப் பேசினார். எழுதிக்கொடுங்கள் என்றேன். எழுதமாட்டார், அவருக்குத் தெரியாதா!

அன்று மதியமே சஸ்பெண்ட். அதே வாசகத்தை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். விசாரணைக்கு ஒரு மாதம் ஆகும், இரண்டும் ஆகும் என்றார்கள். என் ஒருவன் தாளை வைத்து ஷெட்டுக்குள் நுழைவது கஷ்டம், கம்பெனி நான் பொய்யன் என்று சொல்லும் என்றும் சொன்னார்கள். உண்மைதானே. பொய் சொன்னேன் என்றுதானே எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

மற்ற பதின்மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒட்டகமும்தான். மூன்று பேர் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அண்ணி தையல் எடுத்துச் செய்கிறாள். நான் சமைக்கிறேன். குக்கர் விசிலுக்குப் பாப்பாதான் காவல், விரலால் எண்ணிக் காட்டுவாள்.

நேற்று சாயங்காலம் கதவு திறந்திருந்தது. ஒட்டகம் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என்னவோ சொன்னான், எனக்குப் பிடிபடவில்லை. நான் சொன்னது அவனுக்குப் பிடிபடவில்லை. அண்ணியும் வீட்டில் இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் மாறிமாறி "என்னது?" என்றோம். பாப்பாவின் கணக்கு நோட்டை இழுத்து அவன் முன்னால் போட்டேன்.

எழுதினான். அவனுக்கு எழுத்து சரியாக வராது, ஆணி அடிப்பது போல ஒவ்வொன்றாக எழுதுவான். 'ஸ்டோர்ல பதினாலு நாள் வெச்சாங்க. ஆள் அதிகம்னு இன்னைக்கு நாலு பேர அனுப்பிட்டாங்க. நானும்.'

படித்துவிட்டு நோட்டை நடுவில் வைத்தேன்.

திரும்ப நோட்டை இழுத்தான். 'உன் மேல கோவம் போகல.'

'சரி' என்று எழுதினேன்.

கழுத்தை நீட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். பிறகு பேனாவை எடுத்தான். 'அந்த ஆபீசர்ட்ட குடுத்தியே. அதுல மொதல்ல என்ன எழுதணும்?'

'பேர். எத்தனை வருஷம் வேலை' என்று எழுதிக் காட்டினேன்.

புதுப் பக்கம் திருப்பினான். பெயரை எழுதினான். அதற்குக் கீழே பதினாறு என்று எழுதி, விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அதை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினான்.

அண்ணன்